ஸ்பீட்வே சராசரி ஏன் ஒத்துவரவில்லை: 8.80-ஆ, 10.40-ஆ?

வணக்கம். ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் பிரிட்டன் சாம்பியன்ஷிப் லீக்கில் (2016 வரை பிரீமியர் லீக்) ஒரு வீரர் 5 ஓட்டத்தில் 11+2 (11 புள்ளி, 2 போனஸ்) எடுத்தார், உங்கள் கணக்கில் சராசரி 8.80, பட்டியலில் 10.40 என்று கேட்டிருந்தீர்கள். பட்டியல்தான் சரி. நீங்கள் போனஸை விட்டுவிட்டீர்கள்.

அவருடைய வரிசை 3, 2', 3, 1', 2. மேலே உள்ள அந்தச் சின்னக் கோடுதான் போனஸ். (11+2) ÷ 5 × 4 = 10.40. நான்கால் பெருக்குவது, நான்கு ஓட்டத்துக்கு எவ்வளவு என்று காட்டத்தான்.

ஒரு ஹீட்டில் (ஒரு பந்தய ஓட்டம்) அணிக்கு இருவர், வந்த வரிசைப்படி 3, 2, 1, 0 புள்ளி. தன் அணிக்காரருக்கு நேர் பின்னால், எதிரணி ஆள் ஒருவரையாவது முந்தி வந்தால் போனஸ். நம்மவர்கள் 1, 2 என்று வந்து ஹீட் 5-1 ஆனால் இரண்டாமவருக்கு உண்டு. எதிரணி முதலில் வந்து நம்மவர்கள் 2, 3 என்று வந்தால் மூன்றாமவருக்கும் உண்டு. 4-2ல் நம்மவர்கள் 1, 3 என்றால் கிடையாது. நடுவில் எதிரணி ஆள் இருக்கிறார்.

போனஸை அணி மொத்தத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 15 ஹீட், ஹீட்டுக்கு 6, ஆக 90. இரு அணியையும் கூட்டி அதைத் தாண்டினால் போனஸ் உள்ளே புகுந்திருக்கிறது.

பலரும் சறுக்குவது சீசன் சராசரியில். ஒரு போட்டியில் 3 ஓட்டத்தில் 3 (4.00), அடுத்ததில் இந்த 10.40. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 7.20, அது தப்பு. 16 ÷ 8 × 4 = 8.00. விழுந்து பூஜ்யம் வாங்கிய ஓட்டமும் வகுக்கும் எண்ணில் சேரும். நிறுத்தி மறுபடி ஓடிய ஹீட்டை ஒரே ஓட்டமாக எண்ணுங்கள்.