இந்தப் பொருள் வெடிக்குமா? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதுச் சேர்மம் ஒன்று தயாரித்திருக்கிறோம். வெடிக்கும் தன்மை உண்டா என்று எப்படிப் பார்க்கத் தொடங்குவது?

பதில்: முதலில் கட்டமைப்பு வாய்பாட்டை வரைந்து பாருங்கள். நைட்ரோ, நைட்ரேட், அசைடு, டையசோ, பெராக்சைடு, அசெட்டிலீன் முப்பிணைப்பு போன்ற குழுக்கள் எதுவும் இல்லையென்றால், ஐ.நா. சோதனைக் கையேட்டின்படி வெடிபொருள் சோதனைகளுக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த முறை தயாரிப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பொருளில் அந்தக் குழுக்களில் நைட்ரோ மட்டும் இருக்கிறது. ஆக்சிஜன் சமன் மைனஸ் 230. விட்டுவிடலாமா?

பதில்: விடலாம். முழுதாக எரியத் தேவையான ஆக்சிஜனில் எவ்வளவு பற்றாக்குறை என்று காட்டும் கணக்கு அது. மைனஸ் 200க்கும் கீழே போனால் சோதனை தேவையில்லை. ஆனால் அசைடு போல ஆக்சிஜனே இல்லாத குழு இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இன்னொன்று, இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு, மைனஸ் 200க்கு மேலே இருப்பதெல்லாம் வெடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டிஎன்டி என்ற வெடிபொருளுக்கு மைனஸ் 74, அசெட்டிக் அமிலத்துக்கு மைனஸ் 107, தண்ணீருக்குப் பூஜ்யம்! எண்ணை மட்டும் பார்த்தால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியிருக்கும். அதனால்தான் கட்டமைப்பை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: டிஎஸ்சியில் (பொருளைச் சூடாக்கி, சிதையும்போது வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) கிராமுக்கு 640 ஜூல் வந்தது. வெடிபொருள்தானா?

பதில்: அப்படி முடிவு கட்ட முடியாது. கரிமப் பொருளின் சிதைவு 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தொடங்கி, வெப்பம் கிராமுக்கு 500 ஜூலுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் நேரடிச் சோதனை வேண்டும்: சிறு துளையுள்ள எஃகுக் குழாயில் சூடாக்குவது, எடையை விழவைத்து அடிப்பது, உராய்வது. ஏ.14 என்ற ஐரோப்பியச் சோதனை முறையில் அடிக்கும் சோதனைக்கு 40 ஜூல், உராய்வுக்கு 360 நியூட்டன் வரை பார்ப்பார்கள்.

640 என்பது மூடிய கிண்ணத்தில் எடுத்த அளவுதானா? திறந்த கிண்ணத்தில் பொருள் ஆவியாகிப் போய்விடும். சிதைவு வெப்பம் பதிவாகாமலே போகலாம். யார் அளவு கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

கேள்வி: கொஞ்சம் எடுத்துச் சுத்தியலால் தட்டினோம். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: தயவுசெய்து இனி செய்யாதீர்கள். எவ்வளவு ஆற்றலில் அடித்தீர்கள் என்றே தெரியாதபோது அந்த முடிவால் பயனில்லை. அடிக்கு அசையாத பொருள், அடைபட்ட இடத்தில் சூடேறும்போது குழாயையே கிழிக்கலாம். விரலும் கண்ணும் போனால் திரும்ப வராது.

கேள்வி: அம்மோனியம் நைட்ரேட்டை வெடிபொருள் என்றில்லாமல் ஆக்சிஜனேற்றி (மற்றப் பொருள்களை எரியத் தூண்டுவது) என்றுதானே வகைப்படுத்துகிறார்கள்?

பதில்: ஆமாம், பெரும்பாலான தரங்களை அப்படித்தான். ஆனால் 1921இல் ஜெர்மனியின் ஒப்பாவிலும் (அங்கே அம்மோனியம் சல்பேட்டுடன் கலந்திருந்தது), 1947இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியிலும், 2020இல் லெபனானின் பெய்ரூட்டிலும் வெடித்ததும் அதுதான். பெய்ரூட்டில் கிடங்கில் கிடந்தது 2,750 டன். சில கிராமில் அமைதியாக இருக்கும் பொருள் அந்த அளவிலும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. எண்ணெயோ வேறு கரிமப் பொருளோ கலந்துவிட்டால் அதை வேறு பொருளாகவே எடுத்து மறுபடி மதிப்பிடுங்கள்.

கேள்வி: பழைய ஈதர் பாட்டிலின் மூடியைச் சுற்றிப் படிகங்கள் தெரிகின்றன. திறந்து சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஈதர் நாள்பட்டுக் காற்றோடு சேர்ந்து உண்டான பெராக்சைடாக இருக்கலாம்; மூடியைத் திருகும் உராய்வே அது வெடிக்கப் போதும். பாட்டிலைத் தொடாமல், நகர்த்தாமல், அறையைப் பூட்டிவிட்டு உங்கள் பாதுகாப்பு அதிகாரியை உடனே கூப்பிடுங்கள்.