பந்தயம் கட்டியவரைப் பிடிப்பார்களா? – கேள்வி பதில்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். கோஸ்டா ரிகாவிலிருந்து இயங்கும் ஒரு இணையதளத்தில் அமெரிக்கக் கால்பந்துக்குப் பந்தயம் கட்டுகிறேன். போலீஸ் வீட்டுக்கு வருமா சார்?

பதில்: மத்திய அரசு உங்களைத் தேடி வர வாய்ப்பு மிகக் குறைவு. ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, தொலைபேசி வழியே பந்தயம் நடத்திய கும்பல்களை ஒடுக்க 1961-இல் வயர் சட்டம் வந்தது. பந்தயத்தைத் தொழிலாக நடத்துபவர்தான் அதன் இலக்கு. பணம் கட்டுபவர் அல்ல. ஆனால் மாநிலச் சட்டம் தனி. டெக்சாஸில் பந்தயம் கட்டுவதே சிறு குற்றம். 500 டாலர் வரை அபராதம் உண்டு. வாஷிங்டன் மாநிலமோ 2006-இல் இணையச் சூதாட்டத்தைப் பெருங்குற்றமாகவே ஆக்கிவிட்டது. எனவே "அமெரிக்காவில் சட்டப்படி சரியா?" என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை, எந்த மாநிலம் என்று கேளுங்கள்.

கேள்வி: தளம் வெளிநாட்டில் இருக்கிறது, அங்கே உரிமமும் இருக்கிறது. நடத்துபவரை அமெரிக்கா என்ன செய்துவிட முடியும்?

பதில்: அமெரிக்க மண்ணை மிதிக்காதவரை அதிகம் முடியாது. மிதித்தால் முடியும். கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவாவில் உரிமத்தோடு பந்தயத் தளம் நடத்திய அமெரிக்கர் ஜே கோஹன், தன் பக்கம் நியாயம் இருப்பதாக நம்பித் தானாகவே நாடு திரும்பி வழக்காடினார். 2000-இல் தீர்ப்பு எதிராக வந்தது. 21 மாதச் சிறை. பெட்ஆன்ஸ்போர்ட்ஸ் தலைவர் டேவிட் கேரதர்ஸ் கதை இன்னும் விசித்திரம். லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இணையப் பந்தய நிறுவனம் அது. 2006 ஜூலையில் பிரிட்டனிலிருந்து கோஸ்டா ரிகா போகும் வழியில், விமானம் மாற டல்லாஸில் இறங்கினார். அங்கேயே கைது செய்தார்கள். பின்னாளில் 33 மாதத் தண்டனை.

கேள்வி: என் கிரெடிட் கார்டை ஏன் ஏற்பதில்லை?

பதில்: 2006 அக்டோபரில் துறைமுகப் பாதுகாப்பு மசோதாவின் வாலில் கட்டிவிட்டு நிறைவேற்றப்பட்ட ஒரு சட்டம்தான் காரணம். சட்டவிரோதச் சூதாட்டத்துக்கான பணத்தை வாங்குவது நிறுவனத்துக்குக் குற்றம். அந்தப் பணத்தைத் தடுப்பது வங்கியின் பொறுப்பு. பந்தயம் கட்டுபவருக்கு அதில் தண்டனை கிடையாது. சூதாட்டப் பரிவர்த்தனைக்குக் கார்டு நிறுவனங்கள் 7995 என்ற எண்ணை வைத்திருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்ததும் வங்கிக் கணினி மறுத்துவிடும். அதனால் எண்ணை மறைக்கும் வேலை தொடங்கியது. 2011 ஏப்ரலில் போக்கர் சீட்டாட்டத் தளங்கள் மீது வந்த குற்றப்பத்திரிகையின்படி, இல்லாத கடைகளில் நகையும் கோல்ஃப் பந்தும் விற்றதாகக் கணக்கு எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள்! இன்று பல தளங்கள் கிரிப்டோவைக் கேட்பதும் வங்கியைச் சுற்றிக்கொண்டு போகத்தான்.

கேள்வி: இணையச் சூதாட்டத்துக்கு அமெரிக்கா போட்ட தடையை எதிர்த்து ஆன்டிகுவா வழக்குப் போட்டு ஜெயித்ததாமே?

பதில்: ஆம், உலக வர்த்தக அமைப்பில். ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்கு அமெரிக்க அறிவுசார் சொத்துரிமைகளை (பதிப்புரிமை, காப்புரிமை போன்றவை) நிறுத்திவைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று 2007-இல் தீர்ப்பு. அமெரிக்கா சட்டத்தை மாற்றவில்லை.

கேள்வி: 2018-க்குப் பிறகு விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாகிவிட்டதே. இந்தத் தளங்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

பதில்: அந்த ஆண்டு மே மாதம் மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்ற 1992-ஆம் ஆண்டுத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது, முடிவு மாநிலங்களின் கைக்குப் போனது. கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் இன்னும் கதவைத் திறக்கவில்லை. மக்கள் தொகையில் முதல் இரண்டு மாநிலங்களே வெளியே நின்றால் வாடிக்கையாளருக்கு என்ன பஞ்சம்? தவிர, நியூயார்க்கில் உரிமம் பெற்ற இணையத் தளம் தன் வருவாயில் 51 சதவீதம் வரி கட்டுகிறது. வெளிநாட்டுத் தளத்துக்கு அந்தச் சுமை இல்லை. உள்ளூர்த் தளங்கள் அடிக்கடி ஜெயிப்பவரின் பந்தய வரம்பைச் சுருக்கிவிடுகின்றன என்பதும் ஒரு காரணம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

கேள்வி: ஜெயித்த பணத்தைத் தராமல் இழுக்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?

பதில்: உங்கள் மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அந்தத் தளத்தின் மீது பிடியே இல்லை. தளத்துக்கு உரிமம் கொடுத்த நாட்டுக்கு எழுதலாம். நான் நம்பிக்கை வைக்க மாட்டேன். என்னைக் கேட்டால், போலீஸ் பயத்தைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கேள்வி: அந்தப் பணத்துக்கு வரி உண்டா?

பதில்: உண்டு. எங்கே ஜெயித்தாலும் வருமானம்தான். 2025-இல் வந்த சட்டத்தின்படி, 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்க முடியும். ஒரு லட்சம் ஜெயித்து ஒரு லட்சம் தோற்றவர், கையில் ஒன்றும் மிஞ்சாமலே பத்தாயிரம் டாலருக்கு வரி கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தளம் எந்தப் படிவமும் அனுப்பாது. நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். தளம் மூடிப்போவதற்கு முன்பே கணக்கு விவரங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.