'டாடி லாங் லெக்ஸ்' பாடமாக வந்திருக்கிறது. காதல் கதை என்பதைத் தாண்டி இதில் எழுத என்ன இருக்கிறது?

கதையில் பணம் என்ற இழையைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஜீன் வெப்ஸ்டரின் இந்த நாவலை வகுப்பில் நடத்தும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜான் கிரியர் இல்லம் என்ற அநாதை விடுதியில் வளர்ந்த ஜெரூஷா அபட்டை, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அறங்காவலர் கல்லூரியில் சேர்க்கிறார். படிப்புச் செலவு போக, கைச்செலவுக்கு மாதம் 35 டாலர். பதிலுக்கு அவள் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், அவர் பதில் போட மாட்டார். அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் ஒரு கணம் நீண்டு விழுந்த கால் நிழல்தான். அதை வைத்தே அவருக்கு 'டாடி லாங் லெக்ஸ்' (நெட்டைக்கால் அப்பா) என்று பெயர் வைக்கிறாள். முதல் அத்தியாயம் தவிர மீதி முழுக்க அவள் கடிதங்கள். 1912-ல் வந்த நாவல்.

விடுதித் தலைவி லிப்பெட் அம்மாள் நிபந்தனைகளைச் சொல்லும் இடத்தில், பணத்துக்கு நன்றி சொல்லக் கூடாது, அந்தப் பேச்சே அவருக்குப் பிடிக்காது என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஜூடி (கல்லூரியில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்) பிறகு எழுதுவதில் பாதி காசுக் கணக்குதான்.

முதல் கிறிஸ்துமஸுக்கு அவர் ஐந்து தங்கக் காசு அனுப்புகிறார். அவள் ஏழு பொருள் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு கற்பனை உறவினர் கொடுத்ததாக வைத்துக்கொள்கிறாள். கைக்கடிகாரம் அப்பா கொடுத்தது, வெந்நீர்ப் பை பாட்டி கொடுத்தது, எழுதும் தாள் தம்பி கொடுத்தது. மாமா சாக்லேட் தருவதாகத்தான் இருந்தாராம், இவள்தான் அடம்பிடித்து அகராதி வாங்கிக்கொண்டாளாம். அக்கா கொடுத்த பட்டுக் காலுறைக்கு மட்டும் உண்மைக் காரணத்தை ஒப்புக்கொள்கிறாள்: கூடப் படிக்கும் பணக்கார ஜூலியா பெண்டில்டன் தினமும் பட்டுக் காலுறையோடு இவள் சோபாவில் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்கிறாள், லீவு முடிந்து வரட்டும், நானும் போய் அவள் சோபாவில் உட்காருகிறேன் பார்! சிரிப்பு வரும். ஆனால் ஒரு குடும்பமே இல்லாத பெண், ஒரே ஆள் கொடுத்த காசில் முழுக் குடும்பத்தையும் கடையில் வாங்கி வருகிறாள் என்பது அடுத்த வாசிப்பில்தான் உறைக்கும்.

இன்னொரு கடிதத்தில், 'லிட்டில் விமன்' என்ற புகழ்பெற்ற நாவலைப் படிக்காமல் வளர்ந்தவள் கல்லூரியிலேயே தான் ஒருத்திதான் என்று கண்டுபிடிக்கிறாள். யாரிடமும் மூச்சு விடாமல் 1 டாலர் 12 சென்ட் கொடுத்து அதை வாங்கிவிடுகிறாள். படிக்காதது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு காசின் திசை மாறுகிறது. நியூயார்க்கில் பார்த்த தொப்பிக் கடையைப் பற்றி வாய் ஓயாமல் எழுதியதற்கு அவர் 50 டாலர் காசோலை அனுப்ப, அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். நான் பிச்சை கேட்கவில்லை என்கிறாள். அவர் வேண்டாம் என்று சொல்லியும் உதவித்தொகையை ஏற்கிறாள். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்றால், மாதம் 50 டாலருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போகிறாள். கடைசியில் தான் எழுதிய நாவலை விற்ற காசில் 1,000 டாலர் காசோலையை அவருக்கே அனுப்பி, மீதி தவணையில் வரும் என்கிறாள். இதை மட்டும் தேதி வாரியாக எழுதிவைத்தாலே பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை தயார்.

அடுத்தது பதில் பேசாத அந்த மனிதர். (முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) ஜூலியாவின் சித்தப்பா ஜெர்விஸ்தான் அவர் என்று தெரிந்த பிறகு முதலிலிருந்து படித்துப் பாருங்கள், வேறு புத்தகம் கிடைக்கும். ஜூடியின் கல்லூரித் தோழி சாலி மெக்பிரைட்டின் வீட்டார் அவளைத் தங்கள் கோடைக்கால முகாமுக்கு அழைக்கிறார்கள். அங்கே சாலியின் அண்ணன் ஜிம்மியும் இருப்பான். உடனே அறங்காவலரின் செயலாளரிடமிருந்து கடிதம்: போகக் கூடாது, பழையபடி லாக் வில்லோ பண்ணைக்கே போக வேண்டும். அவள் மன்றாடிப் பார்த்துவிட்டுப் போகிறாள். அந்தக் கோடையில் பண்ணைக்கு யார் வந்து இறங்குகிறார் என்று நினைக்கிறீர்கள்? அவள் மனதில் உள்ளதையெல்லாம் ஒரு பெயரில் படித்துவிட்டு, இன்னொரு பெயரில் அவள் எதிரே வந்து நிற்கிறார். என் மாணவிகளில் சிலருக்கு இதைக் கேட்டதும் ஜெர்விஸ் மேல் கோபம் பொங்கும், சிலர் அவரை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் ஜூடி ஏமாளி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பா விஷயத்தில் ஜெர்விஸும் நேரடியாக நெருக்கினார். அவர் அவ்வளவு அதிகாரம் செய்யாமல் இருந்திருந்தால் ஒருவேளை இளகியிருப்பேன் என்று டாடிக்கே எழுதுகிறாள், யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல்.

ஆசிரியரைப் பற்றி அதிகம் வேண்டாம். வாசர் கல்லூரியில் 1901-ல் பட்டம் பெற்றவர், மார்க் ட்வைனின் உறவுவழிப் பேத்தி. படிக்கும்போதே ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களைப் போய்ப் பார்த்தவர். இருபத்தொரு வயதாகிவிட்டது, உரிமை இருந்தால் நல்ல வாக்காளராக இருப்பேனே என்று ஜூடி பொருமும் இடத்தைக் குறிப்பிடலாம். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானது 1920-ல். வெப்ஸ்டர் 1916-லேயே, மகள் பிறந்த கையோடு இறந்துவிட்டார்.

1915-ல் வந்த 'டியர் எனிமி'யில் சாலி அதே விடுதியை நடத்த வருகிறாள். ஒப்பிட்டு எழுத உதவும். ஆனால் புத்திக்குறைவு பரம்பரையாக வருகிறது என்ற அந்தக் காலத்து வாதம் அதில் தாராளமாக இருக்கிறது, முகம் சுளிக்க வைக்கும்.

நாவல் காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடிதங்களுக்கு நடுவே வரும் கிறுக்கல் படங்கள் வெப்ஸ்டரே வரைந்தவை, அவை உள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள். சில மலிவுப் பதிப்புகளில் படத்தை எடுத்துவிட்டு, படத்தைக் காட்டிப் பேசும் வரியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.