கூழ் நோட்டும் கோயில் அண்டாவும்

கேள்வி: மாற்றலாகி நெல்லிக்குப்பம் வந்திருக்கிறோம். ஆடி பிறந்ததும் தெருப் பையன்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு, அம்மன் கோயில் கூழுக்கு வசூல் என்று வாசலில் நிற்கிறார்கள். "முன்னே பின்னே தெரியாதவங்களுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: கொடுங்கள் அம்மா. முடிந்தால் பணமாக வேண்டாம், கேழ்வரகாகக் கொடுங்கள். பணம் கொடுத்தால் நோட்டில் ஒரு வரி, அதோடு சரி. கேழ்வரகு என்றால் காய்ந்ததா, கல் இருக்கிறதா, யார் மில்லுக்கு எடுத்துப் போவது என்று பேச்சு வளரும். பண்ருட்டியில் ரேஷன் கடைத் தராசுக்குப் பின்னாலேயே காலம் தள்ளியவன் நான். எடை போடும் நேரத்தில்தான் ஜனங்கள் வாயைத் திறப்பார்கள்.

அப்புறம், கூழ் காய்ச்சும் இடத்துக்கு வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அடிப்பிடித்துவிடும். கை மாற்ற ஆள் தேடுவார்கள். அவர் துடுப்பைப் பிடிக்கட்டும்; அரை மணியில் தெருவில் பாதிப் பேருடைய பெயர் தெரிந்துவிடும். கூழ் வாங்கப் பெரிய தூக்காக எடுத்துப் போங்கள். வீட்டில் கருவாட்டுக் குழம்பு இருந்தால் இன்னும் விசேஷம்.

கணக்கும் தாராளமாகக் கேட்கலாம். கோபித்துக்கொண்டால் அடுத்த வருஷம் யோசியுங்கள். எங்கள் தெருவில் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரிலேயே ஒட்டிவிடுவார்கள். ஒரு வருஷம் மீந்த பணத்தில் பெரிய அண்டா ஒன்று வாங்கினார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, சுற்றுவட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது தெருவுக்கே சோறு வெந்தது அந்த அண்டாவில்தான். விறகுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாம் ஈர மரம். புகையில் கண் எரிய எரியச் சமைத்தார்கள். அரிசி அவரவர் வீட்டிலிருந்து வந்தது. யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் நோட்டுத் தூக்கிய பையன்களுக்கு அத்துப்படி. முதல் சோறு அந்த வீடுகளுக்குத்தான் போனது.

கேள்வி: ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாறா, கெடிலமா? – கடலூர் வாசகர்

பதில்: உங்கள் தெருச் சாமி எந்த ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறதோ அங்கே. தை 5-ம் நாள் இரண்டு கரையிலும் கூட்டம்தான். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் திரும்பினால் வீட்டில் திட்டு விழும், நான் பொறுப்பல்ல.

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு வடலூர் தருமச்சாலைக்கு அரிசி கொடுக்க ஆசை. ஒரு மூட்டையாவது கொடுத்தால்தான் மரியாதையோ? – ஒரு தகப்பன்

பதில்: அப்படி ஒன்றும் இல்லை. 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. உங்கள் ஐந்து கிலோவும் அதில்தான் வேகும். கொடுத்த கையோடு பஸ் பிடிக்காமல், பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சாதி என்ன, ஊர் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள்.