சாவா மூவாப் பேராடு

வாசகர் கேள்விகளுக்கு வேலூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: 'மனிதனுக்குச் சாவே கிடையாது என்றால் அவன் நல்லவனாக இருப்பானா, கெட்டவனாகிவிடுவானா?' என்று என் மகள் கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ விவாதமாம். சாமி, நரகம் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: நரகத்தை இழுத்திருக்க வேண்டாம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் 38 ஆண்டுகள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். நரகத்துக்குப் பயந்து ஒரு சென்ட் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தவர் எவரையும் பார்த்ததில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்து கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அணைக்கட்டுப் பக்கம் அண்ணன் தம்பி இருவர். முள்ளுக் கத்தரித் தோட்டம், பொதுக்கிணறு, முறைத் தண்ணீர். தன் முறை முடிந்த பிறகும் அண்ணன் மோட்டாரை நிறுத்தவில்லை என்று ஒரு சித்திரையில் சண்டை தொடங்கியது. பிறகு 19 வருடம் பேச்சில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போக்குவரத்து இல்லை. ஆனால் எந்த அரசிதழிலும் வெளிவராத சட்டம் ஒன்று நம் பக்கம் உண்டு. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயாக வேண்டும். அண்ணன் இறந்ததும் தம்பி போனார், பாடைக்குத் தோள் கொடுத்தார். காரியம் முடிந்த மறுவாரம் என் மேசைக்கு வந்து, தன் முறையில் வாரத்துக்கு ஒரு நாளை அண்ணன் மகனுக்கு விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம் எழுதச் சொன்னார்.

எழுதிக்கொண்டே கேட்டேன்: "இதை அவர் இருக்கும்போதே செய்திருக்கலாமே?"

"அண்ணன் எங்கே போய்விடப் போகிறார், பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், ஐயா."

உங்கள் மகளிடம் இந்த வரியைச் சொல்லுங்கள். சாவில்லாதவன் ராட்சசனாகிவிடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் தள்ளிப்போடுவான். கேட்க வேண்டிய மன்னிப்பையும், கொடுக்க வேண்டிய பணத்தையும் மனத்தில் ஒரு கெடுதலும் இல்லாமலே தள்ளிப்போடுவான். சாவில்லாத ஊரில் அண்ணன் உண்மையிலேயே எங்கும் போகமாட்டார். கெட்டதுக்குப் போக வேண்டிய நாளும் வராது. மோட்டார் துருப்பிடித்து மண்ணோடு மண்ணான பிறகும் அந்தச் சண்டை மட்டும் அப்படியே நிற்கும்.

சட்டம் எழுதியவர்களுக்கு மனிதனின் இந்தக் குணம் தெரிந்திருக்கிறது. பிராமிசரி நோட்டுக்கு ஆயுள் 3 ஆண்டு. அதற்குள் வழக்குப் போட வேண்டும். இல்லையென்றால் கடன் வாங்கியவரிடம் கொஞ்சமாவது பணம் பெற்று, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தவறினால் காலாவதி. காலக்கெடு முடியும் வாரத்தில் மட்டும் ஓடி வருபவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இரண்டே முக்கால் வருடம் அவர்களுக்கும் அந்த நோட்டு நினைவிலேயே இருந்திருக்காது. கெடுவே இல்லாத நோட்டு என்றால் பெட்டியிலேயே கிடக்கும்.

உயிலும் அப்படித்தான். 'மனித வாழ்வு நிச்சயமற்றது ஆதலால்' என்று ஒரு வரி எழுதித்தான் தொடங்குவோம். அந்த வரியைப் படித்துக் காட்டும்போது பலருடைய முகம் மாறும். பெண்ணுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், "அவளுக்கும் ஒரு மனை சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பார். எல்லாரும் அல்ல. அந்த வரிக்குப் பிறகும் கல்லாக உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை வெட்டிய அசுவத்தாமனுக்கு என்ன தண்டனை என்று நினைவிருக்கிறதா? தூக்கு இல்லை. ஆறாத புண்ணோடு, துணைக்கு ஆளில்லாமல், 3,000 ஆண்டு அலையச் சொன்னார் கிருஷ்ணர். சிறுவயதில் அதைக் கேட்டபோது, தப்பித்துவிட்டானே என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை.

கேள்வி: நீங்கள் சொல்வது ஒரு பக்கம். 500 ஆண்டு வாழப்போகிறோம் என்று தெரிந்திருந்தால் பாலாற்றை இப்படிக் கெடுத்திருப்போமா? சீக்கிரம் போய்விடுவோம் என்பதால்தானே இந்த அலட்சியம்?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: நல்ல அடி, அம்மா. கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

தோல் பதனிடும் கழிவால் கெட்ட நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று சொல்லி, ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அந்தக் காலத்தில் என்னிடம் நிலம் விற்க வந்தவர்கள் பத்திரத்தில் 'கிணறு உட்பட' என்று எழுதும்போது சங்கடத்தோடு சிரிப்பார்கள். அந்தத் தண்ணீரை மாடு வாயில் வைக்காது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கெடுதல் பேரன் காலத்தில் வரவில்லை. கெடுத்தவர்கள் கண்ணெதிரேயே வந்தது. அவர்கள் வேறு இடத்திலிருந்து தண்ணீர் வரவழைத்துக் குடித்தார்கள். 500 ஆண்டு வாழ்பவருக்கும் அந்த வசதி இருக்கும், பணமும் 500 ஆண்டு வட்டியோடு சேர்ந்திருக்கும். எவர் கிணறு உப்பானதோ அவர் வீட்டில் ஒருநாள் கைநனைக்க வேண்டும் என்று இருந்தால் நிலைமை மாறியிருக்கலாம். ஆயுளை நீட்டுவதால் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. நீங்கள் நம்பினால் சண்டைக்கு வரமாட்டேன்.

கேள்வி: உங்களுக்கே சாகாவரம் கிடைத்தால் வாங்கிக்கொள்வீர்களா?
– நெசவாளர், ஆரணி

பதில்: சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 90 ஆடோ 96 ஆடோ கொடுத்து, அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு மூப்படையும், சாகும். குட்டி போடும். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டு நெய் அளக்க வேண்டியது பொறுப்பேற்ற இடையரின் கடமை. 'ஆசந்திரார்க்கம்' என்று நானும் ஆயிரம் பத்திரங்களில் எழுதியிருக்கிறேன், சந்திர சூரியர் உள்ளவரை என்று பொருள். ஆனால் அந்த ஆட்டுக்குப் பெயர் வைத்தவன் என்னைவிடப் பெரிய பத்திர எழுத்தன். அந்த மாதிரிச் சாகாவரம் என்றால் சம்மதம்.

எனக்கென்று தனியாக வேண்டாம். காரணம் சொந்த விஷயம், கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு, 1994இல், என் அக்காள் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். எழுதியவன் நானே. '15,000 ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால்' என்று எழுதினேன். கொடுக்கவில்லை. அறுவடை முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். அவள் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டாள், தம்பி எழுதியதாயிற்றே. இனி எந்த நீதிமன்றத்திலும் அவளால் அதைக் கேட்க முடியாது. எங்கள் தொழிலில் இதைச் சுத்தமான பத்திரம் என்போம்.

அவளுக்கு இப்போது 76 வயது, போளூரில் இருக்கிறாள். போன வாரம் தொலைபேசியில், "எப்போதடா வருகிறாய்?" என்று கேட்டாள்.

ஆடி கழியட்டும் அக்கா, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.