பஸ் வரும்வரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணம் போவதற்காகத் திருகோணமலை பஸ் நிலையத்தில் ஒரு முதுகுப் பையோடு தனியாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். பையை விட்டுவிட்டு மலசலகூடம் போகப் பயம். அதனால் தண்ணீரும் குடிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. நேரடி பஸ் எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். தனிப் பயணம் எனக்குச் சரிவராதோ?

வாசகி, மட்டக்களப்பு

அன்புள்ள வாசகிக்கு,

கட்டாயம் சரிவரும். கூட்டாகப் போனால் ஒருவர் பையைப் பார்ப்பார், இன்னொருவர் விசாரிப்பார். தனியாகப் போகிறவர் அந்த இரண்டு வேலைக்கும் பஸ் நிலையத்திலேயே ஆள் பிடிக்க வேண்டும். வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

விசாரிக்க வேண்டியது நேரக்காப்பாளரிடம். இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் ஆட்கள் வேறு, ஆகவே இரண்டு இடத்திலும் கேளுங்கள். "எத்தனை மணிக்கு பஸ்?" என்றால் அட்டவணையில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். "யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய பஸ் வந்துவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். தூர பஸ்களில் பெரும்பாலும் வந்த வண்டிதான் திரும்பிப் போகும். அது வந்து சேராவிட்டால் அட்டவணை நேரத்துக்குப் பொருள் இல்லை. ஆளுக்கொரு நேரம் சொன்னது உங்களை ஏமாற்ற அல்ல. அவரவர் தாம் போன நாளின் நேரத்தைச் சொல்லியிருப்பார்கள்.

வண்டி வரவில்லை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் நேரடி பஸ்ஸை விட்டுவிடலாம். ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா போகும் பஸ்ஸில் ஏறுங்கள். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. பையை இன்னொரு முறை ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேராகப் போனால் நாலு சீட் தேட வேண்டும். ஒருவருக்கு ஒரு சீட் எப்படியும் கிடைக்கும். தனியாகப் போவதில் இருக்கும் பெரிய வசதி இது, அதைப் பயன்படுத்துங்கள்.

பையை யாரிடம் விடுவது? பக்கத்தில் காத்திருக்கும் பயணியிடம் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய பஸ் முதலில் வந்துவிட்டால் பையை விட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும். நீங்கள் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) குடித்த கடைக்காரர் எங்கும் போகமாட்டார். குடித்துவிட்டு, "அண்ணை, பத்து நிமிஷம் இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று கேளுங்கள். அடையாள அட்டை, காசு, போன், மருந்து நான்கும் சின்னப் பையில் எப்போதும் உங்கள் உடம்போடு இருக்கட்டும். பெரிய பையில் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய சாமான் மட்டும் இருந்தால் பயம் பாதியாகக் குறையும். சாப்பாட்டுப் பொதியை நிலத்தில் வைக்காதீர்கள். திருகோணமலையில் மான்கள் நகருக்குள்ளேயே திரிகின்றன, பொலித்தீனோடு இழுத்துத் தின்றுவிடும். நமக்குப் போவது ஒரு நேரச் சாப்பாடு. அந்தப் பொலித்தீன் வயிற்றுக்குள் அடைத்து மானின் உயிரையே எடுக்கும்.

தண்ணீர் குடிக்காமல் இருந்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வியர்ப்பதே தெரியாது, உடனே காய்ந்துவிடும். தலையிடி தொடங்கிய பிறகுதான் உடம்பு வற்றியது விளங்கும். காத்திருக்கும் நேரத்தில் அரை லீற்றரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பஸ் வெளிக்கிடக் கால் மணித்தியாலம் இருக்கும்போது மலசலகூடம் போய் வாருங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். அதன் பிறகு சாப்பாட்டுக்கு நிறுத்தும்வரை தொண்டையை நனைத்தால் போதும். அங்கே இறங்குமுன் வண்டி இலக்கத்தின் கடைசி நாலு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டையும் காத்திருக்கும்போதே தீர்மானித்துவிடலாம். வவுனியா வரை மேற்கே போகிறீர்கள், பிறகு வடக்கே. காலை பஸ் என்றால் வவுனியாவுக்குப் பிறகு வெயில் வலப்பக்கம், ஆகவே இடப்பக்க யன்னல். மதியம் வெளிக்கிட்டால் நேர்மாறு. ஆனால் பையை வாசலடியில் வைக்கச் சொன்னால் வெயிலைப் பார்க்காமல் இடப்பக்கமே இருங்கள். வாசல் அந்தப் பக்கம்தான், யார் எதைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள் என்பது தெரியும். பைக்குத் தனிக் காசு கேட்பார்களா என்பதை ஏறுமுன் நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள்.

புத்தகம் ஓடாதது உங்கள் குற்றமில்லை. காது பஸ்ஸின் சத்தத்தில் இருக்கும்போது கண் வரியில் நிற்காது. ஊர்ப் பலகைகளை வாசியுங்கள். மூதூர், கிண்ணியா, புல்மோட்டை, கந்தளாய் என்று எந்த பஸ்ஸில் யார், என்ன சாமானோடு ஏறுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் மாவட்டம் முழுவதும் உங்களைக் கடந்து போகும். எந்த ஊரில் என்ன விளைகிறது, யார் எதற்காக நகருக்கு வருகிறார்கள் என்பது ஏற்றி இறக்கும் மூட்டைகளிலேயே தெரிந்துவிடும். போனுக்குள் தலையை விட்டிருப்பவருக்கு இது கிடைக்காது, பஸ்ஸும் தவறும்.

அடுத்த பயணம் கார்த்திகை, மார்கழியில் என்றால் பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். பஸ் டிக்கியின் தரையில் தேங்கும் தண்ணீர் அடியிலிருந்து ஏறும். பையின் உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பையை விரித்து, உடுப்பை அதற்குள் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள்.