வாய் தவறி வரும் சொல்

வணக்கம் சார்,

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் சப்ளை செய்கிறேன். போன வாரம் ஒன்பதாவது படிக்கும் என் மகன், நண்பர்களோடு மொபைலில் கேம் விளையாடும்போது ஒரு வார்த்தை சொன்னான். இங்கே எழுத முடியாது. ஓங்கி ஒரு அறை விட்டேன். அவன் அழவில்லை. "நீங்க கார் ஓட்டும்போது சொல்றதுதானே" என்றான். என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

கோபத்தில் எனக்கு வாய் தவறி வந்துவிடும். மனதில் ஒன்றும் இருக்காது. கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள்தான் நேர்மையானவர்கள் என்று ஆராய்ச்சியே இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். கெட்ட வார்த்தை பேசுவது தப்பா? அதை வைத்து ஒருவரின் குணத்தை எடை போடலாமா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஆராய்ச்சி. 2017இல் வந்தது, உண்மைதான். ஆனால் அதன் ஒரு பகுதியில் நேர்மையை அளந்த விதம் வேடிக்கையானது. 'சொன்ன சொல்லை எப்போதும் காப்பாற்றுவேன்' என்கிற மாதிரி பதில் சொன்னவர்களை, பொய் சொல்கிறார்கள் என்று கணக்கில் வைத்துக்கொண்டார்கள். உண்மையிலேயே ஒழுங்காக இருப்பவனும் அதே பதிலைத்தானே சொல்வான் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். நண்பர் அந்த இரண்டாவது கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை. 2009இல் வெளியானது. 67 மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கைவைக்கச் சொன்னார்கள். திட்டிக்கொண்டே வைத்தபோது கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு 2011இல் இன்னொன்றும் தெரிந்தது: தினமும் நிறையத் திட்டுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. ஊறுகாயைச் சோறு மாதிரி அள்ளித் தின்றால் நாக்குக்கு எங்கே உறைக்கும்?

சரி, வாய் தவறுவதற்கு வருகிறேன்.

என் பெரியப்பா தமிழாசிரியர். வீட்டில் யாராவது 'சனியனே' என்றால்கூட முகம் சுளிப்பார். ஓய்வுபெற்ற சில வருடங்களில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் அடிபட்டு வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியது ஒரே ஒரு சொல். தாயைச் சேர்த்துச் சொல்லும் வசை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், ஃபேன் போடச் சொல்வதும் அதுதான். பேத்தியைப் பார்த்தால் அதையே கொஞ்சலாகச் சொல்வார். முதல் மாதம் யாராவது பார்க்க வந்தால் பெரியம்மா ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்துவார். பிறகு பழகிவிட்டது. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே காபியா, வெந்நீரா என்று கண்டுபிடித்தார். நாமாகக் கோத்துப் பேசும் வாக்கியங்கள் போனாலும் வசை, பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது போன்றவை பலருக்கும் தப்பிப் பிழைக்கும் என்று டாக்டர் விளக்கினார். பிரெஞ்சுக் கவிஞர் போதலேருக்கும் 1866இல் இப்படித்தான் ஆனது. கடவுள் பெயரை வைத்துச் சொல்லும் ஒரு வசை மட்டும் வாயில் நின்றது. பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரீகள் பதறிப்போனார்கள்.

வாய் தவறுவது என்றால் எனக்கு அதுதான். உங்களுடையது வேறு. பனியன் கம்பெனி முதலாளி மூன்று மாதம் பில்லை இழுத்தடிக்கும்போது, அவர் எதிரே உட்கார்ந்திருக்கையில், என்றாவது உங்களுக்கு வாய் தவறியிருக்கிறதா?

இளவயதில் மதுரையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். அங்கே ஒரு ஃபோர்மேன். மூன்று சொல்லுக்கு ஒரு வசை. முதலாளியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், சுத்தத் தமிழ் பேசுவார். முதலாளி போனதும் பேப்பர் அடுக்குகிற பையன்கள் மீது மறுபடி மழை. 'வாய்தான் அப்படி, மனசு தங்கம்' என்று நாங்கள் சொல்வோம். அந்தப் பையன்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம், சொல் யார்மீது போய் விழுகிறது என்பது. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு, தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் பெயரே பெரிய வசை. அவர்கள் பொத்திப் பாதுகாத்தது அதை. நாம் பொத்தி வைத்தது வீட்டுப் பெண்களை. அதனால் உங்கள் காரை உரசிப்போன லாரிக்காரருக்கான வசை, எங்கோ ஒரு திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருக்கும் அவர் அம்மாவுக்குப் போகிறது. 'நாகாக்க' என்ற வள்ளுவரும் திட்டியவர்தான். பயனில்லாமல் பேசிக்கொண்டிருப்பவனை மனிதன் என்று சொல்லாதே, மனிதப் பதர் என்று சொல் என்கிறார். காட்டமான திட்டுதான். ஆனால் தப்புச் செய்தவனைத்தான் திட்டுகிறார், அவன் அம்மாவை இழுக்கவில்லை.

கட்டில் காலில் இடித்துக்கொண்டு நீங்கள் என்ன சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டிலுக்கு வலிக்காது. வாழ்நாளில் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லாமல், அறுபது வயது தூய்மைப் பணியாளரை 'ஏய், இங்க வாடா' என்று கூப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். 'ங்க' ஒன்றை எடுத்துவிட்டால் போதும், தமிழில் வேறு வசையே வேண்டாம். சாதிப் பெயரை அதே சுத்தமான வாயால் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு 1989இலேயே சட்டம் வந்தது. குணத்தை எடை போடச் சொன்னால் நான் இவர்களைத்தான் முதலில் தராசில் வைப்பேன்.

உங்கள் மகன் சொன்னது, பதிலுக்கு அதையே திருப்பிச் சொல்லக்கூடிய நண்பர்களிடம். நீங்கள் அறைந்தது, திருப்பி அடிக்க முடியாத அவனை. அதை அவனிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. நீங்கள் காரில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது உங்கள் மனைவி பெரும்பாலும் பக்கத்து சீட்டில்தான் இருந்திருப்பார். அன்று அவர் ஏன் பேசாமல் உள்ளே போனார் என்று கேட்டீர்களா?